வீட்டுக்குத் திரும்பிப் போகும் காணிக்கை

புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டப் பங்குகளின் வழிபாட்டுக் குழுவினருக்கும், பங்கின் சிறு குடும்பக் குழுக்களான அன்பியங்களின் பொறுப்பாளர்களுக்கும், மறைக்கல்வியும் பீடப்பணிப் பயிற்சியும் தருகிறவர்கள் சிலர் சேர்ந்து எழுதும் திறந்த மடல்.

இயேசுவுக்கே புகழ்!

பங்குத் திருவிழா, இளைஞர் ஞாயிறு, ஆசிரியர் தினம் என்று எந்தச் சிறப்புத் திருப்பலி வந்தாலும் காணிக்கைப் பவனி நீண்டுகொண்டே போகிறது. கால்பந்து வருகிறது, மடிக்கணினி வருகிறது, மீன்வலையும் அட்டையில் செய்த ஏரும் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒலிவாங்கியில் விளக்கம் வாசிக்கப்படுகிறது. இறுதி ஆசீர் முடிந்ததும் பந்து பையனிடம் போகிறது, மடிக்கணினி அதன் உறைக்குள் போகிறது. உண்மையில் பீடத்துக்குப் போய்ச் சேர்பவை அப்பமும் திராட்சை இரசமும் மட்டுமே. திரும்ப எடுத்துக்கொள்ளும் பொருளைக் காணிக்கை என்று தூக்கி வருவதை நிறுத்துங்கள் என்று கேட்கவே எழுதுகிறோம். இதைச் சடங்கு ஒழுங்கைப் பற்றிய சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். பலி என்றால் என்ன என்று பிள்ளைகள் கண்ணால் கற்கும் இடம் இதுதான்.

'விபத்தில் மூவர் பலி' என்று தினமும் செய்தித்தாளில் படிக்கிறோம். அதனால் பலி என்றதும் சாவும் இழப்புமே மனதில் வந்து நிற்கின்றன. விவிலியத்தில் லேவியர் நூலின் முதல் அதிகாரங்களைப் பொறுமையாகப் படித்தால் வேறு படம் கிடைக்கும். எரிபலி, உணவுப் படையல், நல்லுறவுப் பலி, பாவம் போக்கும் பலி, குற்றப்பழி நீக்கும் பலி என அங்கே ஐந்து வகை உண்டு. இரண்டாவது வகை வெறும் மாவும் எண்ணெயும் சாம்பிராணியும்தான். அதில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. எரிபலியில் கொண்டுவந்தவரே விலங்கின் தலைமேல் கை வைத்து, அவரே அதைக் கொல்கிறார். குருவின் வேலை அதன் பிறகு, ரத்தத்தைப் பீடத்துக்குக் கொண்டுபோவதில் தொடங்குகிறது. ரத்தத்தில் உயிர் இருக்கிறது என்கிறது அதே நூலின் 17ஆம் அதிகாரம். ஆகவே பலியின் நடுப்புள்ளி கொல்வதில் இல்லை, உயிரைக் கடவுளிடம் ஒப்படைப்பதில் இருக்கிறது. ஒப்படைத்த பிறகு அதன்மேல் நமக்கு உரிமை கிடையாது.

ஏழைக்கும் அங்கே வழி இருந்தது. ஆடு முடியாதவர் இரண்டு புறாக்களைத் தரலாம். அதுவும் முடியாதவர் எப்பா என்ற அக்கால அளவையில் பத்தில் ஒரு பங்கு மாவு தரலாம். மரியாவும் யோசேப்பும் எருசலேம் கோவிலுக்கு வந்தபோது பறவைக் காணிக்கையைத்தான் லூக்கா குறிப்பிடுகிறார். ஆனால் எந்தக் காணிக்கையும் கொடுப்பவருக்கு உரைக்க வேண்டும். அரவுனா என்பவர் பலிக்காகத் தன் களத்தையும் மாடுகளையும் இலவசமாகத் தர முன்வந்தபோது தாவீது அரசர் மறுத்து, 50 செக்கேல் வெள்ளி எண்ணிக் கொடுத்தார். செலவில்லாத பலியை ஆண்டவருக்குத் தரமாட்டேன் என்றார். இறைவாக்கினர் மலாக்கி இன்னும் காரமாகக் கேட்கிறார்: குருடும் நொண்டியுமான ஆட்டை உன் ஆளுநரிடம் கொண்டுபோய்க் கொடுத்துப் பார், வாங்குவாரா?

கிறிஸ்துவின் பலி ஒரே முறை, எல்லாருக்காகவும் நடந்து முடிந்தது. எபிரேயர் திருமுகத்தின் 10ஆம் அதிகாரம் இதை அடித்துச் சொல்கிறது. நாம் திருப்பலியில் அதை மறுபடி நடத்தவில்லை. சிலுவையில் தம்மைத் தந்தவரே, ரத்தம் சிந்தாத முறையில், அதே பலியை இங்கே முன்னிலைப்படுத்துகிறார் என்று 1562-இல் ஆயர்கள் கூடிய திரிதெந்தின் பொதுச்சங்கம் விளக்கியது. அப்படியானால் நாம் எதைக் கொண்டுபோகிறோம்? குருவானவர் மக்களைப் பார்த்து, இந்தப் பலி என்னுடையதும் உங்களுடையதும் என்று சொல்லும் வேளையில்தான் விடை கிடைக்கிறது. அந்த 'உங்களுடையது' காற்றில் தொங்கக் கூடாது. வீட்டிலிருந்து உண்மையாகவே புறப்பட்டு வந்த ஏதோ ஒன்று அங்கே இருக்க வேண்டும்.

திருப்பலி நூலின் பொது ஒழுங்குமுறை 73ஆம் எண்ணில் இதற்கு வழி சொல்கிறது. அப்பமும் இரசமும் வரட்டும். ஏழைகளுக்காகவோ கோயிலுக்காகவோ தரும் பணமும் பொருளும் வரலாம். அவற்றை நற்கருணைப் பீடத்தின்மேல் வைக்காமல் தகுந்த வேறிடத்தில் வையுங்கள் என்கிறது. உழைப்பையும் படிப்பையும் விளையாட்டையும் காட்டும் பொருள்களைத் திருப்பலிக்கு முன்பே முகப்பில் அழகாக அடுக்கி வையுங்கள், அதில் தவறில்லை.

நடைமுறைக்கு வருவோம். ஓர் அன்பியத்தில் 25 குடும்பம் என்றால் வீட்டுக்கு 1 கிலோ அரிசி, சேர்ந்தால் ஒரு சிப்பம். இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, கிடைத்த அரிசியையெல்லாம் ஒரே சாக்கில் கொட்டுவது. பச்சரிசியும் புழுங்கலும் ரேஷன் அரிசியும் கலந்தால் ஒன்று குழையும், ஒன்று வேகாது. வாங்கிப் போகிறவர் அதைக் கோழிக்குத்தான் போடுவார். எனவே முதல் வாரமே 'புழுங்கல் மட்டும்' என்று அறிவித்துவிடுங்கள். நம் வீட்டில் யாரும் சாப்பிடாத அரிசியைக் கோயிலுக்கு ஒதுக்குவது மலாக்கி சொன்ன நொண்டி ஆடுதான். அரிசியோடு துவரம்பருப்பு, எண்ணெய், குளியல் சோப்பு சேர்ந்தால் இன்னும் நல்லது.

வந்த பொருள் தேங்கக் கூடாது. நன்றிப் பலியின் இறைச்சியை அன்றே உண்டு தீர்க்க வேண்டும், விடியும்வரை வைக்கக் கூடாது என்று லேவியர் 7 கட்டளையிடுகிறது. ஒரு முழு ஆட்டை ஒரு குடும்பம் ஒரே நாளில் எப்படித் தீர்க்கும்? பத்துப் பேரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். பகிர்வை இவ்வளவு நேர்த்தியாகக் கட்டாயமாக்கிய விதி வேறொன்று எங்கள் கண்ணில் பட்டதில்லை. நாமும் அப்படி ஒரு நாள்கணக்கு வைத்துக்கொள்வோம்: ஞாயிறு வந்தது செவ்வாய்க்குள் போய்ச் சேரட்டும். ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை உள்ள பங்கில் வீடுகளின் பட்டியல் ஏற்கெனவே இருக்கும். சபை இல்லாத இடத்தில் உபதேசியாருக்குத் தெரியும்.

பணக் காணிக்கையும் அப்பத்தோடுதான் வர வேண்டும். பல இடங்களில், காணிக்கைப் பகுதி முடிந்து 'தூய, தூய' என்ற பாடலைப் பாடும்போதும் பை சுற்றிக்கொண்டிருக்கிறது. மன்றாட்டுகள் முடிந்த உடனே எடுக்கத் தொடங்காததும், போதிய பைகள் இல்லாததுமே காரணம். ஒரு பைக்கு 60, 70 பேருக்கு மேல் ஒதுக்காதீர்கள். பைகள் எல்லாம் வாசலுக்கு வந்த பிறகே பவனி புறப்படட்டும்.

அப்பத்தையும் இரசத்தையும் கவனியுங்கள். அப்பம் கலப்பில்லாத கோதுமையால், புளிப்பில்லாமல், அண்மையில் செய்ததாக இருக்க வேண்டும். நம் கடற்கரைக் காற்றில் டப்பா மூடி சரியில்லை என்றால் அது நமத்து, பூசணம் பிடிக்கும். மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள். இரசம் திறந்தபடி வெயிலில் இருந்தால் காடியாகிவிடும், பிறகு திருப்பலிக்கு ஆகாது. தண்ணீர் சில துளிகள் போதும் என்று பீடச் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். வருகிறவர்களைக் கணக்கிட்டு அப்பம் வையுங்கள். அந்தந்தத் திருப்பலியில் அர்ப்பணித்ததையே மக்கள் உண்பது மிகவும் விரும்பத்தக்கது என்கிறது அதே பொது ஒழுங்குமுறையின் 85ஆம் எண். கொடுத்ததும் பெறுவதும் ஒன்றே என்று அப்போதுதான் தெரியும்.

நம் கருத்துக்காகத் திருப்பலி நிறைவேற்றக் கேட்டுக் குருவிடம் தரும் பூசைப் பணம் பற்றியும் ஒரு வார்த்தை. அது பூசையின் விலை அல்ல. பணம் தர முடியாத ஏழையின் கருத்துக்காகவும் நிறைவேற்றும்படி குருக்களைத் திருச்சபைச் சட்டம் 945 வலியுறுத்துகிறது. வியாபாரத்தின் சாயல்கூடப் படக் கூடாது என்கிறது 947. இதை அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள்.

கடைசியாக, யார் கையில் கொடுக்கிறீர்கள்? ஒவ்வொரு திருவிழாவிலும் அதே உபயதாரர் குடும்பமும் அதே தெருவுமே காணிக்கை ஏந்தினால் பலி அங்கேயே பழுதாகிறது. 1745-இல் புதுச்சேரி சம்பாக் கோயிலுக்குள் சாதிவாரியாக மக்களைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சுவரை இடித்தாலும் பவனி வரிசையில் அது எழுந்துவிட முடியும். சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருந்தால் காணிக்கையைப் பீடத்தின் முன்பே வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானமாகு என்று ஆண்டவர் சொன்னாரே, அது இந்த வரிசைக்கும் பொருந்தும். அன்பியங்களுக்குச் சுழற்சி முறை வையுங்கள். பட்டியலை மூன்று மாதத்துக்கு முன்பே ஒட்டுங்கள். உதவி பெறும் குடும்பத்தினரையும் ஏந்தச் சொல்லுங்கள். அவர்கள் ஒரு பிடி உப்பு கொண்டுவந்தாலும் போதும். எந்த உணவுப் படையலிலும் உப்பு குறையக் கூடாது என்பது லேவியர் சட்டம்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், பெரிய வியாழன் மாலையிலிருந்து. அன்று அப்பம், இரசத்தோடு ஏழைகளுக்கான காணிக்கைகளையும் பவனியாகக் கொண்டுவரலாம் என்று திருப்பலி நூலே குறிப்பிடுகிறது. மறுநாள் பெரிய வெள்ளி, திருப்பலி கிடையாது. நல்ல உடல்நலம் உள்ள, 18 வயது நிறைந்து 59 வயது நிறையாத எல்லாரும் நோன்பு இருக்கும் நாள். அன்று மாலை சிலுவை வழிபாடு முடிந்து கூட்டம் கலையும்போது இளைஞர்கள் மூட்டை பிரிக்கட்டும், சனிக்கிழமை காலை வீடு வீடாகப் போகட்டும். அன்றிரவு பாஸ்கா திருவிழிப்புக்கு நெருப்பு மூட்டும் முன் அந்தச் சிப்பங்கள் காலியாகியிருக்க வேண்டும்.