சுட்டதோடு கதை முடியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் அயர்லாந்து விடுதலைப் போர் பற்றி வந்த கட்டுரையைப் படித்ததிலிருந்து இரண்டு நாளாக மனசு ஒரு நிலையில் இல்லை. கார்க் நகர மேயர் டோமாஸ் மக்கர்டன் கொல்லப்பட்டதையும், ஐந்து மாதத்தில் போலீஸ் அதிகாரி ஸ்வான்சி சுட்டுக் கொல்லப்பட்டதையும் எழுதி, பழி தீர்ந்தது என்று கட்டுரையை முடித்திருக்கிறீர்கள். அந்த முடிவுதான் எனக்கு உறுத்துகிறது.

1920 மார்ச் 20, விடியாத நேரம். அன்று மக்கர்டனுக்கு 36ஆவது பிறந்தநாள். முந்தின இரவு நகரத்தில் ஒரு கான்ஸ்டபிளைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள் (இதைக் கட்டுரை சொல்லவே இல்லை, அந்த மனிதருக்கும் வீடு இருந்திருக்கும் அல்லவா). ராத்திரி ஒரு மணி தாண்டி கதவை இடிக்கிறார்கள். திறந்தது அவருடைய மனைவி எய்லீஷ், வயிற்றுப் பிள்ளைக்காரி. முகத்தில் கரி பூசிய ஆட்கள் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்து, சிலர் அவரைப் பிடித்து வைத்துக்கொள்ள, மற்றவர்கள் மாடிப்படி ஏறி, படுக்கையறையை விட்டு வெளியே வந்த மக்கர்டனைச் சுட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வீட்டில் ஐந்து குழந்தைகள். எய்லீஷின் வயிற்றில் இருந்தது இரட்டைக் குழந்தைகள், இரண்டும் உயிரோடு பிறக்கவில்லை. எனக்கும் இரண்டு பிள்ளைகள் உண்டு, இந்த இடத்தில் கொஞ்ச நேரம் இதழை மூடி வைத்துவிட்டேன்.

அடுத்து நடந்த மரண விசாரணையை நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள், எனக்கோ அதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. ஜூரியில் உட்கார்ந்தவர்கள் சாதாரண கார்க் நகரவாசிகள். சாட்சி சொன்னவர்களில் போலீஸ்காரர்களே ஏராளம். ஊரில் ராணுவம் சுற்றிக்கொண்டிருக்கிற காலத்தில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஏப்ரல் 17ஆம் தேதி அவர்கள் சொன்ன தீர்ப்பு, இது திட்டமிட்ட கொலை, செய்தது போலீஸ், அதை வழிநடத்தியது பிரிட்டிஷ் அரசு என்பது. குற்றவாளிகள் என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டவர்களில் முதல் ஆள் பிரதமர் லாயிட் ஜார்ஜ்! அதே பட்டியலில் மாவட்ட இன்ஸ்பெக்டர் ஸ்வான்சியும் இருந்தார். ஆனால் இது கோர்ட்டுத் தண்டனை இல்லை, விசாரித்து உண்மையைச் சொல்வதோடு அவர்கள் வேலை முடிந்தது. ஒருவர் மீதும் வழக்கு நடக்கவில்லை, ஸ்வான்சியை வடக்கே லிஸ்பர்னுக்கு மாற்றி அனுப்பிவிட்டார்கள். சட்டப்படி கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் ஒரு டிரான்ஸ்ஃபர். அதற்கப்புறம் விடுதலைப் படையின் உளவுத் தலைவர் மைக்கேல் காலின்ஸ் ஸ்வான்சியைச் சுட ஆள் அனுப்பினார் என்றால் ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 22, ஞாயிற்றுக்கிழமை. ஸ்வான்சி மதிய வேளையில் கதீட்ரலில் பிரார்த்தனை முடித்து, கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்தபோது கடைவீதியில் சுட்டார்கள். முதலில் சுடப் பயன்பட்டது மக்கர்டனின் சொந்தத் துப்பாக்கி, அதைக் கார்க்கிலிருந்து கொண்டுபோயிருந்தார்கள். உங்கள் கட்டுரை இந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

லிஸ்பர்ன் லினன் துணி நெய்யும் ஊர், பெல்பாஸ்ட்டுக்குப் பக்கம். புராட்டஸ்டன்ட்டுகள்தான் பெரும்பான்மை, நடுவே கத்தோலிக்கர்கள் கடை கண்ணி வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். சுட்டவர்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள். விடுதலைப் போராளிகள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள் என்பதால், ஊர்ப் புராட்டஸ்டன்ட் கூட்டத்தின் கோபம் இவர்கள் மேல் திரும்பியது. அன்று பிற்பகலே கத்தோலிக்கர் கடைகளில் தீ வைக்க ஆரம்பித்தவர்கள் மூன்று நாள் ஓயவில்லை. வீடு, கடை, மதுக்கடை, பாதிரியார் வீடு, எதையும் விடவில்லை. ஏறக்குறைய ஆயிரம் பேர் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள், வண்டி கிடைக்காதவர்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு மலைப்பாதையில் நடந்தே பெல்பாஸ்ட் போய்ச் சேர்ந்தார்கள். கார்க்கில் மக்கர்டன் வீட்டுக் கதவை இடித்ததற்கும் இந்த ஜனங்களுக்கும் என்ன சம்பந்தம்? அவர்களில் பலர் மக்கர்டனின் முகத்தைப் பத்திரிகையில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மக்கர்டனுக்குப் பிறகு மேயரான டெரன்ஸ் மக்ஸ்வீனியும் அதே ஆண்டு அக்டோபரில் லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் 74 நாள் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்டார். அவரைப் பற்றி நம் ஊரில் நிறைய எழுதியாகிவிட்டது, அதனால் விட்டுவிடுகிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அப்பா சுடப்பட்டபோது மகன் டோமாஸ் ஓக்குக்கு ஐந்து வயது. அவர் வளர்ந்து ஐ.ஆர்.ஏ. என்ற அயர்லாந்து ஆயுத இயக்கத்தில் சேர்ந்து, 1940 ஜனவரியில் அதே கார்க் நகரத்து வீதியில் ஒரு துப்பறியும் போலீஸ்காரரைச் சுட்டுக் கொன்றார். இந்த முறை செத்தது பிரிட்டிஷ் போலீஸ் இல்லை, சுதந்திர அயர்லாந்தின் சொந்தப் போலீஸ். மரண தண்டனை விதித்தார்கள், கடைசி நேரத்தில் அதைச் சிறைத் தண்டனையாகக் குறைத்ததால் தப்பினார். இருபது வருஷத்துக்கு முன்னால் புருஷனை இழந்த எய்லீஷின் பெயரை இந்தச் செய்தியோடு சேர்த்து நினைக்கிறபோதுதான் உங்கள் கடைசி வரி எனக்கு ஒப்பவே இல்லை.

மக்கர்டனை நான் குறைத்துப் பேசவில்லை, கார்க் ஜூரிகளைப் போல நெஞ்சுரம் உள்ளவர்களை நினைத்தால் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. இந்தக் கட்டுரைக்கு அடுத்த பகுதி போடுவதாக இருந்தால் லிஸ்பர்னுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள். எரிந்து நிற்கும் அந்தத் தெருக்களின் புகைப்படங்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றையும் சேர்த்துப் போட்டால் நல்லது.

அன்புடன்,
உங்கள் நீண்டநாள் வாசகி