சம்பளமில்லாப் பயிற்சி கேட்கும் இளைஞர்களுக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

வீடு, மனைத் தரகில் நெடுங்காலமாக இருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். சம்பளமில்லாமல் தொழில் கற்க வரும் இளைஞர்கள் பலர், "எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறேன்" என்றுதான் எங்களிடம் கேட்கிறார்கள். அப்படிக் கேட்டால் துண்டுப் பிரசுரம் விநியோகிக்கும் வேலைதான் கிடைக்கும்.

கேட்க வேண்டியது வேறு. மூலப் பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை சொத்து எப்படிக் கைமாறியது என்று படிக்கக் கற்றுத்தருவீர்களா? அடமானம் ஏதும் நிலுவையில் உள்ளதா என்று சரிபார்க்கும்போது உடன் இருக்கலாமா? விலை பேசும் இடத்தில் ஓரமாக அமர்ந்து கவனிக்கலாமா? ஒரு பெண் இவற்றைத் தாளில் எழுதிக்கொண்டே என்னிடம் வந்தார். உடனே சேர்த்துக்கொண்டேன்.

எங்கள் வருமானம் கிரயம் முடிந்த பிறகு வரும் கமிஷன்தான். மாதக்கணக்கில் ஒன்றும் வராமலும் போகும். சம்பளம் தரத் தரகர்கள் தயங்குவதற்கு இதுவே காரணம். ஆனால் ஊழியர் செய்ய வேண்டிய வேலையைப் பயிற்சி என்ற பெயரில் இலவசமாக வாங்குவது அநியாயம். பல நாடுகளில் சட்டவிரோதமும்கூட. பயணச் செலவையும் பயிற்சி முடியும் தேதியையும் முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள்.

வாடிக்கையாளர் தரும் முன்பணத்தைக் கையால் தொடாதீர்கள். தரகுத் தொழிலுக்கு உரிமம் கட்டாயமான இடங்களில், உரிமமின்றி விலையும் பேசாதீர்கள்.

அறிமுகமில்லாதவருக்கு வீடு காட்டப் பயிற்சியாளரைத் தனியாக அனுப்பும் வழக்கத்தைச் சக தரகர்கள் உடனே நிறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி