விசாலத்துக்கு, நம் பழைய வழக்கு குறித்து

அன்புள்ள விசாலம்,

உன் இரண்டு கடிதங்களும் பதிலின்றி என் தையல் மெஷின் இழுப்பறையில் கிடக்கின்றன. அன்றாடம் விடியுமுன் நீ வாட்ஸ்அப்பில் அனுப்பும் தாமரைப் பூக்களுக்கும் நான் பதில் சொல்லவில்லை. அவற்றுக்கு இனியும் சொல்லப்போவதில்லை. இங்கே எல்லோரும் நலம், என் முழங்கால் நீங்கலாக. மாவு மில் அண்ணாச்சி இன்னமும் உன்னை விசாரிக்கிறார். விஷயத்துக்கு வருகிறேன்.

உனக்குத் திடீரென்று பல்வலி வந்த அந்தச் சனிக்கிழமை நினைவிருக்கிறதா? 1977. பீம்சிங் எடுத்த ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ பார்த்துவிட்டு விடுதிக்கு நடந்தே திரும்பினோம். வழி நெடுக நீயும் நானும் போட்ட சண்டையில் பாவம் சரோஜா, நடுவில் மாட்டிக்கொண்டு சோடா கேட்டுக் கெஞ்சினாள். ஜெயகாந்தன் 1966-இல் விகடனில் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில், மழையில் எவனோ ஒருவனின் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, ‘நீ சுத்தமாகிவிட்டாய்’ என்கிறாள். அதே ஆசிரியர் பின்னர் எழுதிய, அந்தப் படத்துக்கு மூலமான நாவலில், அதே தாய் ஊர் கூடும்படி அலறிவிடுகிறாள். அண்ணன் வீட்டைவிட்டு விரட்டுகிறான். மகள் கங்காவின் வாழ்க்கை திசைமாறிப் போகிறது. நாவலின் தாயே மெய், கதையின் தாய் ஆசிரியரின் ஆசை என்றாய் நீ. மெய்யோ ஆசையோ, எனக்கு அப்படி ஒரு நாள் வந்தால் நான் தண்ணீர் ஊற்றுகிற தாயாகத்தான் இருப்பேன் என்றேன் நான். ‘முதலில் உன் துணியை நீயே துவைக்கக் கற்றுக்கொள்’ என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை.

அந்த நாள் எனக்குச் சென்ற மாதம் வந்தது, விசாலம்.

என் பேத்தி என்னிடம் தங்கித்தான் கல்லூரிக்குப் போகிறாள் என்பது உனக்குத் தெரியும். ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். போர்வையின் ஓரத்து நூலைப் பிரித்துக்கொண்டே, ஒரு பையனைப் பற்றியும், அவனை நம்பி அவள் அனுப்பிய படங்களைப் பற்றியும், பழக்கத்தை முறித்துக்கொண்ட பிறகு அவற்றை ஊருக்கெல்லாம் அனுப்பிவிடுவேன் என்று அவன் மிரட்டுவதைப் பற்றியும் சொன்னாள். அவள் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லி முடிக்கும்வரை நான் குறுக்கே பேசவில்லை. அதுவரை நான் நல்ல பாட்டிதான். முடித்ததும் என் வாயிலிருந்து வந்த முதல் சொல், ‘இது யாருக்கெல்லாம் தெரியும்?’

அடித்திருந்தால்கூட அவள் முகம் அப்படி மூடியிருக்காது. ‘உங்களுக்குத் தெரியும் பாட்டி. இனி வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று சொல்லிவிட்டு, பிரித்த நூலைச் சுருட்டி என் கையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

இத்தனை வருடங்களாக நான் என்னை யார் என்று நினைத்திருந்தேனோ அவள் நானில்லை என்று அந்த ஒரே கேள்வியில் தெரிந்துபோயிற்று. தூக்கம் வராமல் எழுந்துபோய்ப் பரணிலிருந்து தொகுப்பை இறக்கி அந்தக் கதையை மறுபடி வாசித்தேன். நாம் இருவருமே அதை ஒழுங்காக வாசிக்கவில்லை என்பது என் துணிபு. கடைசியில் அவள் ஊற்றும் தண்ணீரைத்தான் நாம் நினைவில் வைத்திருந்தோம். அதற்கு முன்னால் அவளும் அலறத்தான் வாயைத் திறக்கிறாள். திறந்த வாயை அப்படியே அடக்கிக்கொள்கிறாள். மகளை அறையவும் செய்கிறாள். சத்தம் கேட்டு வந்த ஒண்டுக்குடித்தனப் பெண்களிடம், மழையில் நனைந்து வந்ததற்காக அடித்தேன், பரீட்சை நேரத்தில் படுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று பொய் சொல்லிச் சமாளிக்கிறாள். தண்ணீர் இத்தனைக்கும் பிறகுதான் வருகிறது; மகள் எதையோ மெல்லுவதைக் கண்டு, அவன் கொடுத்த சூயிங்கத்தைத் துப்பச் சொல்வது அதற்கும் பிறகு. ஆக அவளுக்கும் முதலில் தோன்றியது என் கேள்விதான். வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவே. இரண்டு தாய்மாருக்கும் நடுவே இருப்பது ஒரு குரலின் உயரம் மட்டும் என்று நீ அன்றே சொல்லியிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருப்பேன். நீ ‘யதார்த்தம், யதார்த்தம்’ என்று கையை ஆட்டியதால்தான் எனக்குக் கோபம் வந்தது.

அந்தத் தாய் மகளுக்கு அகலிகையின் கதையை நினைவூட்டுகிறாளே, அது இம்முறை என்னை மிகவும் உறுத்தியது. மனத்தால் கெடாதவள் கெடவில்லை என்பது அவள் கட்சி. ஆனால் 1943-இல் வந்த ‘சாப விமோசன’த்தில் புதுமைப்பித்தனின் அகலிகை, ராமன் சீதையைத் தீக்குளிக்கச் செய்தான் என்று கேட்டதும் மறுபடி கல்லாகிவிடுகிறாள். தன்னை மீட்டவனே உலகத்துக்கு நிரூபணம் கேட்டவன் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. நூலைச் சுருட்டி என் கையில் வைத்தபோது என் பேத்தியின் முகத்தில் நான் கண்டது அந்தக் கல்லைத்தான். மிகைப்படுத்துகிறேன் என்பாய். நீ அங்கே இல்லை.

இன்னொன்றும் அன்றிரவு புரிந்தது. கதையின் தாய் ஒரு பொய்யால் தன் மகளை மூடிக் காத்தாள். அந்த முற்றத்துக்கு வெளியே செய்தி போகாது. எங்கள் வீட்டுக் கதையில் மூடிவைப்பதே அந்தப் பையனின் முதலீடு. இவள் எவ்வளவுக்கெவ்வளவு ஒளிக்கிறாளோ அவ்வளவுக்கவ்வளவு அவன் கை ஓங்குகிறது. எனவே நான் அத்தனை காலம் கொண்டாடிய தாயும் இங்கே உதவ மாட்டாள், நீ வாதாடிய தாயும் உதவ மாட்டாள்.

காலையில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்று, ‘நேற்றுத் தப்பான கேள்வி கேட்டுவிட்டேன், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும்’ என்றேன். அவள் உடனே இளகிவிடவில்லை. டம்ளரை மட்டும் வாங்கிக்கொண்டாள். மாலையில்தான், ‘போலீசுக்குப் போகலாம், அப்பாவிடம் நீங்கள் சொல்லுங்கள்’ என்றாள். என் மகனிடம் சொல்வது காவல் நிலையத்தைவிடக் கடினமாக இருந்தது. அதை நேரில் சொல்கிறேன். மகளிர் காவல் நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கங்காவை நினைத்துக்கொண்டேன்; தமிழ்நாட்டில் அப்படி ஒரு நிலையமே 1992-இல்தான் வந்தது. புகாரை வாங்கிக்கொண்டார்கள். பையனைக் கூப்பிட்டு விசாரித்து, போனை வாங்கி வைத்திருக்கிறார்கள். படங்கள் வேறெங்கும் போயிருக்கிறதா என்று இன்னும் தெரியவில்லை. இரவில் அவள் அறையில் விளக்கு எரிந்தால் எனக்கும் தூக்கம் போய்விடுகிறது.

இதை உனக்கு எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். சற்று யோசித்து, ‘விசாலம் பாட்டிக்குச் சொல்லலாம், சரோஜா பாட்டிக்கு வேண்டாம்’ என்றாள். காரணம் உனக்கே தெரியும். ஆகவே இக்கடிதத்தை மேசைமேல் போட்டுவிட்டுக் கோவிலுக்குப் போகாதே.

கதையையும் அவளிடம் கொடுத்தேன். கொடுக்கலாமா என்று இரண்டு நாள் தயங்கினேன். ஒரே மூச்சில் வாசித்துவிட்டு அவள் தாயைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தண்ணீரைப் பற்றியும் இல்லை. ‘அந்தக் கார்க்காரனுக்கு என்ன ஆயிற்று?’ என்று கேட்டாள். நாவலில் அவன் பிரபு என்ற பெயரோடு திரும்பி வருவான் என்றேன். ‘வந்து?’ என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வந்து நம் அனுதாபத்தை அல்லவா வாங்கிக்கொண்டான்? படத்தில் பிரபுவாக நடித்த ஸ்ரீகாந்துக்காக நீ கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். நானும் துடைத்துக்கொண்டேன் என்பதை இன்றுதான் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு தாய்மாரையும் கூண்டில் ஏற்றி இறக்கிய நாம், அவனை ஒரு நாளாவது அழைத்தோமா?

தை மாதம் வருகிறேன் என்று எழுதியிருந்தாய். வரும்போது, நீ 1978-இல் என்னிடம் வாங்கிக்கொண்டுபோன நாவலைக் கொண்டுவா. அவளுக்கு வேண்டுமாம்.

உன்,
மங்கை