‘பலத்த’ என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. இங்கும் அனைவரும் நலமே.

தினம் 20 ஆங்கிலச் சொற்கள் படித்தும் வாரக் கடைசியில் நாலைந்துதான் நிற்கிறது என்று வருத்தப்பட்டிருந்தாய். உன் ஞாபகசக்தியில் ஒரு குறையும் இல்லை. நோட்டின் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் ஆங்கிலம், அந்தப் பக்கம் தமிழ் என்று எழுதுகிறாயே, அதில்தான் கோளாறு.

‘பலத்த’ என்பதையே எடுத்துக்கொள். பலத்த காற்று ‘ஸ்ட்ராங் விண்ட்’. பலத்த மழையோ ‘ஹெவி ரெயின்’. பலத்த காயம் ‘சீரியஸ் இன்ஜுரி’. ‘ஸ்ட்ராங் என்றால் பலத்த’ என்று மட்டும் எழுதி வைத்தால், மழைக்கும் ‘ஸ்ட்ராங்’ என்றுதான் வாயில் வரும். ஆகவே சொல்லைத் தனியாக எழுதாதே, அதன் ஜோடியோடு எழுது. ‘டிஸ்கஸ்’ என்றால் ‘பற்றிப் பேசு’ என்று மனப்பாடம் செய்வதால்தான் பலரும் ‘டிஸ்கஸ் அபவுட்’ என்கிறார்கள். அந்தப் ‘பற்றி’ சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘டிஸ்கஸ் த பிளான்’ என்று எழுதிப் பழகினால் இந்தப் பிழை வராது.

நோட்டை விட்டுவிட்டுச் சின்ன அட்டைகளுக்கு மாறிவிடு. முன்பக்கம் ஒரு வாக்கியம், கற்க வேண்டிய சொல்லின் இடத்தில் முதல் எழுத்தும் ஒரு கோடும். பின்பக்கம் சொல், பொருள், அழுத்தம் விழும் அசை. அழுத்தத்தை விட்டுவிடாதே: ‘ரெக்கார்ட்’ பெயர்ச்சொல்லானால் முதல் அசையில் அழுத்தம், வினையானால் இரண்டாவதில். அட்டையைத் திருப்புமுன் விடையை வாய்விட்டுச் சொல். திரும்பத் திரும்பப் பார்ப்பதால் பழகிய முகம் போலத் தோன்றும், அவ்வளவுதான். யோசித்து வெளியே எடுக்கும்போதுதான் சொல் பதியும்.

மறதி முதல் ஓரிரு நாளில்தான் வேகம். ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885லேயே தன்னைத்தானே சோதித்து இதைக் காட்டிவிட்டார். அதனால் ஐந்து பெட்டி வைத்துக்கொள். முதல் பெட்டியைத் தினமும் பார், மற்றவற்றை 2, 4, 8, 16 நாளுக்கு ஒருமுறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். தவறினால், எந்தப் பெட்டியில் இருந்தாலும் முதலுக்கே திரும்பும். அறிவியல் எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972இல் பரப்பிய முறை இது. தினம் 20 வேண்டாம், 7 போதும். பழைய அட்டைகளும் சேர்ந்துகொண்டே போகும் என்பதை மறந்துவிடுகிறோம்.

இன்னொன்று, ‘லெண்ட்’, ‘பாரோ’ இரண்டையும் ஒரே நாளில் படிக்காதே. கடன் கொடுப்பது எது, வாங்குவது எது என்று கடைசி வரை குழம்பும். ஒன்று மூன்றாம் பெட்டியைத் தாண்டிய பிறகு மற்றதைத் தொடு.

முதல் பத்து அட்டைகளின் வாக்கியங்களை அடுத்த கடிதத்தில் எழுதி அனுப்பு. ஜோடிகள் சரியா என்று பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
இளங்கோ