1:180 என்று வந்த ரிப்போர்ட் பற்றி மகளுக்கு

கண்ணம்மா,

நீ அனுப்பிய டபுள் மார்க்கர் ரிப்போர்ட்டை, அதான் கர்ப்பத்தின் தொடக்கத்தில் குழந்தைக்குக் குரோமோசோம் கோளாறு இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை, பார்த்தேன். 'ஹை ரிஸ்க்' என்று சிவப்பில் அச்சடித்து, பக்கத்தில் 1:180 என்று போட்டு, ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாமல் கையில் கொடுத்தால் யாருக்குத்தான் வயிற்றைக் கலக்காது? இத்தனை வருஷம் லேபில் வேலை பார்த்த எனக்கே திக்கென்றது. சரி, அந்த எண்ணை நிதானமாகப் படி. உன்னைப் போல ரிசல்ட் வந்த 180 பேரில் ஒருத்தியின் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் என்கிற குரோமோசோம் கோளாறு இருக்கலாம், மற்ற 179 பேருக்கு இருக்காது. நிறைய லேப்களில் 250-இல் ஒன்றுக்கு மேல் போனாலே சிவப்பில் வந்துவிடும். உனக்கு 33 வயது, அதுவும் கணக்கை ஏற்றியிருக்கும்.

முதல் வேலையாக ரத்தம் கொடுத்த அன்று நிரப்பிய படிவத்தை வாங்கிப் பார். உன் எடை, ஸ்கேனில் வந்த குழந்தையின் நீளம், சர்க்கரை உண்டா, ஐ.வி.எஃப். கர்ப்பமா என்பதையெல்லாம் வைத்துத்தான் அந்த எண் வருகிறது. எடையை மாற்றி எழுதினாலோ நாள் கணக்கு தவறினாலோ எண்ணும் மாறும்.

அடுத்து டாக்டர் என்.ஐ.பி.டி. என்கிற இன்னொரு ரத்தப் பரிசோதனையைச் சொல்வார். உன் ரத்தத்தில் மிதக்கிற நஞ்சுக்கொடியின் டி.என்.ஏ. துணுக்குகளை எண்ணிப் பார்ப்பது அது. 1997-இல் டென்னிஸ் லோ குழுவினர் அந்தத் துணுக்குகளைக் கண்டுபிடித்ததிலிருந்து வந்த வழி. டவுன் சிண்ட்ரோமை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அளவுக்குப் பிடித்துவிடும். குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் உள்ள நீரை அளக்கிற உன் என்.டி. ஸ்கேன் சரியாக இருப்பதால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் என்.ஐ.பி.டி.யும் ஸ்கிரீனிங்தான், வாய்ப்பைச் சொல்லுமே தவிர உறுதி செய்யாது. நஞ்சுக்கொடியில் இருக்கிற பிசகு குழந்தையிடம் இல்லாமலும் போகலாம், அதனால் பாசிட்டிவ் என்று வந்தால்கூட ஆம்னியோ செய்யாமல் எந்த முடிவுக்கும் போகாதே. பனிக்குட நீரை ஊசியில் எடுக்கிற அந்தப் பரிசோதனைக்கு 15 வாரம் முடிந்திருக்க வேண்டும். கரு கலையும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. உனக்கு இப்போது 13 வாரம், யாரும் அவசரப்படுத்த வேண்டியதில்லை.

உன் மாமியார் கிரகணத்தன்று நீ வெளியே போனதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாராமே. டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணம் 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக வருவது, அது பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது தற்செயலாக நடக்கிறது. பப்பாளி, கிரகணம், நீ பஸ்ஸில் போனது, எதுவும் காரணமில்லை என்று மாப்பிள்ளையை விட்டே அவரிடம் சொல்லச் சொல். அப்படியே என்.ஐ.பி.டி.யில் ஆணா பெண்ணா தெரியுமா என்று அவர் கேட்டால், 1994-ஆம் வருஷச் சட்டப்படி சொல்லவே கூடாது என்று முடித்துவிடு.

ஒருவேளை ஆம்னியோவிலும் உறுதியானால் என்ன செய்வது என்பதை நீங்கள் இருவரும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள், ரிசல்ட் வந்த அன்று அழுதுகொண்டே பேச முடியாது. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இதயத்தில் கோளாறு இருக்கும். பள்ளிக்கூடம் போகிறவர்கள், வேலை பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் தெரிந்துகொண்டு பேசுங்கள். நீ எந்த முடிவு எடுத்தாலும் நானும் அப்பாவும் உன் பக்கம்தான், மற்றவர்கள் கேட்டால் என்னிடம் அனுப்பு.

அப்புறம், நீ ஓ நெகட்டிவ், மாப்பிள்ளை பாசிட்டிவ். ஆம்னியோ செய்யும்போது குழந்தையின் ரத்தம் உன் ரத்தத்தில் கலந்தால் உன் உடம்பு அதை எதிர்க்கத் தொடங்கலாம், அதைத் தடுக்க ஆன்டி-டி ஊசி போடணும், அவர்கள் கேட்காவிட்டாலும் நீயே சொல்லிவிடு.

அம்மா