லீட்ஸில் ஞாயிறு மதியம்

டூட்டிங், லண்டன்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி தாத்தாவின் மீசையைப் பிடித்துத் தொங்குகிறாள் என்று எழுதியிருந்ததை வீட்டில் சத்தம் போட்டு வாசித்துக் காட்டினேன். மருமகளுக்கு இரவுப் பணி முடிந்து பகல் பணி கிடைத்ததும் நல்ல செய்தி. குழந்தையை வைத்துக்கொண்டு ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியும்.

இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் வலிக்கு மருந்தைவிட நடைதான் நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் டூட்டிங் பெக் காமன் என்ற பொதுத் திடலைச் சுற்றி வருகிறேன். மகள் பிரிஸ்டலுக்கு வேலை மாறிப் போய்விட்டாள். வீடு கொஞ்சம் அமைதியாகத்தான் இருக்கிறது.

சரி, உன் புகாருக்கு வருகிறேன். மகன் உங்கள் எல்லோரையும் ஒரு ஞாயிறு மதியம் பப்புக்கு அழைத்துப்போய் ரோஸ்ட், அதாவது ஓவனில் சுட்ட கறியும் கிழங்கும், வாங்கித் தந்திருக்கிறான். கறி நார் நாராக இருந்தது, உருளைக்கிழங்கு ரப்பராக இருந்தது, கிரேவி மேல் ஆடை கட்டியிருந்தது. "இந்த ஊர்க்காரனுக்குச் சாப்பிடத் தெரியாதுடா" என்று எழுதி முடித்துவிட்டாய். கடிதத்தில் மற்ற எல்லாம் சரி, அந்த ஒரு வரியை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த சாப்பாடு அந்த ஞாயிறு மதியச் சாப்பாடுதான். உனக்கு வந்த தட்டு மோசமான தட்டு, அவ்வளவே. நீங்கள் போனது நாலரை மணிக்கு என்று நீயே எழுதியிருக்கிறாய். பாதிக் காரணம் அதில் இருக்கிறது.

இத்தனை வருஷம் வேதியியல் வாத்தியாராக இருந்தவன் நீ, உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்தத் தட்டில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார். உருளைக்கிழங்கை எடுத்துக்கொள். மாரிஸ் பைப்பர் மாதிரி மாவுத்தன்மை உள்ள கிழங்காக வாங்கித் தோல் சீவி, உப்புத் தண்ணீரில் ஓரம் உடைகிற பதத்துக்கு வேகவைப்பார்கள். தண்ணீரை வடித்துவிட்டு, பாத்திரத்தை மூடிக் குலுக்குவார்கள். அப்போது கிழங்கின் மேற்பரப்பு பிசிறு பிசிறாக எழும். அந்தப் பிசிறில்தான் ருசியே இருக்கிறது. ஓவனில் ஏற்கனவே கொதித்துக்கொண்டிருக்கும் வாத்துக் கொழுப்பிலோ மாட்டுக் கொழுப்பிலோ அதைப் போட்டதும் பிசிறுகள் ஒவ்வொன்றும் பொரிந்து கெட்டியாகும். முக்கால் மணி நேரம் போல அடிக்கடி திருப்பிவிட்டுச் சுட்டால், வெளியே கண்ணாடி மாதிரி நொறுங்கும், உள்ளே வெண்ணெய் பதத்தில் ஆவி பறக்கும். இதை எடுத்து, சூடு ஆறாமல் வைக்கும் விளக்குக்கடியில் ஒரு மணி நேரம் வைத்துப் பார். உள்ளேயிருக்கும் ஈரம் வெளியே வந்து மேலோட்டை நமுக்கச் செய்துவிடும். நீ சாப்பிட்டது அதைத்தான்.

யார்க்‌ஷயர் புட்டிங் என்று கறியோடு வரும் உப்பிய பணியாரமும் அப்படியே. நீ இப்போது இருப்பது அதன் சொந்த மாகாணத்தில். முட்டை, மைதா, பால் கலந்த மாவைப் புகை வருமளவு காய்ந்த கொழுப்பில் ஊற்றினால், உள்ளேயிருக்கும் நீர் ஆவியாகி மாவைத் தூக்கிவிடும். பழைய காலத்தில் கம்பியில் சுழலும் கறிக்கு அடியில் தட்டை வைத்து, சொட்டும் கொழுப்பில் இதை வேகவைத்தார்கள். ஹன்னா கிளாஸ் என்ற அம்மாள் 1747இலேயே இதன் செய்முறையை அச்சில் கொடுத்துவிட்டார். உன் மாகாணத்துக்காரர்கள் கறி வருவதற்கு முன்பே இதைக் கிரேவியில் நனைத்துத் தனியாகச் சாப்பிடுவார்கள். முதலில் வயிறு கொஞ்சம் நிறைந்துவிட்டால் விலை கூடிய கறி எல்லோருக்கும் எட்டும் என்ற கணக்கு. வறுமையில் பிறந்த பழக்கம், ஆனால் இன்றும் அப்படிச் சாப்பிடுவதுதான் ருசி. உனக்குப் பிடிக்கிற செய்தி ஒன்று: யார்க்‌ஷயர் புட்டிங் குறைந்தது நான்கு அங்குலம் எழும்ப வேண்டும் என்று 2008இல் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரியே அறிவித்தது! உங்கள் ஆட்களுக்கும் சமையலில் அக்கறை உண்டு. அந்த நான்கு அங்குலமும் ஓவனை விட்டு வந்த சில நிமிடத்துக்குத்தான். அப்புறம் தொய்ந்துவிடும்.

கறிக்கு மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஓவனிலிருந்து எடுத்த தொடைக்கறியை இருபது, முப்பது நிமிடமாவது சும்மா விட வேண்டும். சூட்டோடு வெட்டினால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும். விட்டு வெட்டினால் கறியிலேயே தங்கும். ஆனால் வெட்டிய துண்டுகளை மறுபடி சூடுபடுத்தினால் போச்சு. ஆக, கறி ஓய்ந்து முடிகிற நேரம், கிழங்கு பொரிந்து முடிகிற நேரம், புட்டிங் எழும்புகிற நேரம் மூன்றும் ஒன்றாக வர வேண்டும். கல்லிலிருந்து நேரே இலைக்கு வரும் தோசைக்கு இருக்கிற அவசரம் இதற்கும் உண்டு. இதைச் சாயங்காலம் வரை நீட்டி விற்கிற கடை எதையாவது ஒன்றைக் கெடுத்துத்தான் ஆக வேண்டும்.

அதனால் நல்ல இடத்தைத் தேடும்போது நான் பார்ப்பது அலங்காரத்தையோ நட்சத்திரங்களையோ அல்ல. கறி தீர்ந்துபோகிற கடையைத் தேடுவேன். ஓர் இடத்துக்கு மூன்றரை மணிக்குப் போன் செய்து, "மாட்டுக்கறி முடிந்துவிட்டது, பன்றி மட்டும் கொஞ்சம் இருக்கிறது" என்று சொன்னார்கள் என்றால் அடுத்த ஞாயிறுக்கு அங்கேயே மேசை பிடித்துவிடு. எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணி, அத்தனைக்குக் கறி வாங்கி, அன்று காலையில் ஓவனில் ஏற்றுகிறவர்கள் அவர்கள். நள்ளிரவு வரை எத்தனை பேர் வந்தாலும் ரோஸ்ட் உண்டு என்கிற இடத்தில் கறி என்றைக்கு வெந்ததோ யாருக்குத் தெரியும்?

லண்டனில் வாட்டர்லூ பக்கம், தி கட் என்ற தெருவில் ஆங்கர் அண்ட் ஹோப் என்று ஒரு பப். மற்ற நாட்களில் முன்பதிவே எடுக்காமல் நடத்திக்கொண்டிருந்த காலத்திலும், ஞாயிறு மதியத்துக்கு மட்டும் பதிவு செய்ய விட்டார்கள். வெகுகாலம் அன்றைக்கு ஒரே பந்திதான். எல்லோரும் இரண்டு மணிக்கு உட்கார வேண்டும், எல்லோருக்கும் ஒன்றாகச் சாப்பாடு வரும். சமையல்காரர்களுக்கு ஞாயிறு மதியத்தின் மேல் எவ்வளவு மரியாதை இருந்தால் இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்வார்கள்! எல்லாக் கடையிலும் அது முடியாதுதான். பன்னிரண்டு மணிக்குத் திறந்ததும் வரும் முதல் சுற்றில் மேசை கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

இன்னொன்று, பட்டியலின் நீளத்தைப் பார். ஞாயிறன்றும் பர்கர், பாஸ்தா, பிட்ஸா, கறி மசாலா எல்லாம் போடுகிற அடுக்களையில் ரோஸ்ட் ஓரத்தில் நிற்கும். மூன்று கறி, ஒரு சைவம், இரண்டு இனிப்பு, அதோடு நிறுத்திக்கொண்ட பலகை தெரிந்தால் உள்ளே போ. கிரேவியைக் கேட்டுப் பார். கறி வெந்த தட்டின் அடியில் ஒட்டியதைச் சுரண்டி, எலும்பு வேகவைத்த நீர் விட்டுக் காய்ச்சியது இளகி ஓடும், பளபளக்கும். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றால் தனிக் குவளையில் முகம் சுளிக்காமல் கொண்டுவந்து வைப்பார்கள். கிரேவிக்குக் கணக்குப் பார்க்கிற கடையில் எனக்கு நம்பிக்கை இல்லை. லண்டனில் நல்ல இடத்தில் தலைக்கு இருபது பவுண்டு போல ஆகும். உன் ஊரில் கொஞ்சம் குறையலாம். தவிர்க்க முடியாமல் நேரம் கடந்து போக நேர்ந்தால், ஆட்டுத் தோள்பட்டைக் கறியோ பன்றி வயிற்றுக் கறியோ கேள் என்று மகனிடம் சொல். கொழுப்பும் சவ்வும் கூடிய அந்தப் பகுதிகள் மெதுவாக வேகிறவை, காத்திருந்தாலும் சட்டென்று காய்ந்துவிடாது.

தங்கச்சி கறியை விட்டுப் பல வருஷமாகிறதே, அவளுக்குச் சாப்பிட ஒன்றுமில்லை என்று நீ எழுதியது எனக்கு வருத்தமாக இருந்தது. நட் ரோஸ்ட் என்று ஒன்று உண்டு. முந்திரி, பாதாம் மாதிரிக் கொட்டைகள், காளான், ரொட்டித்தூள் சேர்த்துச் சுட்டது. நன்றாகச் செய்தால் மிகவும் நன்றாக இருக்கும். ஆனால் ஒரு விஷயம் கவனம்: சைவத் தட்டு என்று வந்தாலும் அதிலுள்ள உருளைக்கிழங்கும் புட்டிங்கும் மாட்டுக் கொழுப்பில் சுட்டதாக இருக்கலாம், கிரேவியும் எலும்புச் சாறாக இருக்கலாம். மாட்டுக்கறி சாப்பிடாத உனக்கும் இது பொருந்தும். மேசை பதிவு செய்யும்போதே "எந்த எண்ணெயில் கிழங்கு சுடுகிறீர்கள், சைவக் கிரேவி தனியாக உண்டா" என்று கேட்டுவிடு. இதில் கூச்சமே வேண்டாம். நல்ல அடுக்களை உடனே பதில் சொல்லும். உனக்கு ஆட்டுத்தொடையும் புதினா சாஸும் போதும். பொடியாக நறுக்கிய புதினாவில் வினிகரும் சர்க்கரையும் போட்டிருப்பார்கள். கொழுப்புள்ள கறிக்கு அந்தப் புளிப்பு அவ்வளவு பொருத்தம்.

நீ பப் என்றதும் தயங்கியதாக எழுதியிருந்தாய். குடிக்காதவன் அங்கே போய் என்ன செய்வது என்று. நம்மூர் டாஸ்மாக்கை மனதிலிருந்து எடுத்துவிடு. ஞாயிறு மதியம் அங்கே பாட்டிகளும் கைக்குழந்தைகளும் நாய்களும் இருக்கும். லைம் சோடா வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். நான் வந்த புதிதில் இப்படி இல்லை. ஞாயிறன்று மூன்று மணிக்கெல்லாம் பப்பைச் சட்டப்படி மூடிவிட்டுச் சாயங்காலம் ஏழுக்குத்தான் மறுபடி திறப்பார்கள். அது 1995இல்தான் மாறியது. 1991இல் ஃபாரிங்டன் ரோட்டில் ஈகிள் என்ற பப்பை எடுத்து நடத்திய இருவர், பப்பிலும் உணவகத் தரத்தில் சமைக்கலாம் என்று காட்டினார்கள். பல பேர் அதைப் பின்பற்றினார்கள். 2007இல் உள்ளே சிகரெட் பிடிக்கத் தடை வந்ததும் குடும்பங்கள் தைரியமாக வர ஆரம்பித்தன.

அதற்கெல்லாம் முன்பு இது வீட்டுச் சாப்பாடுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓவன் இல்லாத ஏழைக் குடும்பங்கள் ஞாயிறு காலை கறித்தட்டைத் தெருமுனை ரொட்டிக்கடையில் கொடுத்துவிட்டுச் சர்ச்சுக்குப் போவார்களாம். ரொட்டி சுட்டு அணைந்த அடுப்பின் சூட்டில் கறி வெந்திருக்கும், திரும்பி வரும்போது துணி போட்டு மூடி வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். யுத்த காலத்தில் 1940இல் தொடங்கி, யுத்தம் முடிந்த பிறகும் 1954 வரை இறைச்சிக்கு ரேஷன். வாரம் முழுக்கச் சேர்த்துவைத்து ஞாயிறன்று ஒரு துண்டைச் சுட்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு பாட்டி, மீந்த கறியைத் திங்கட்கிழமை துணி துவைக்கிற நாளில் குளிராகவே சாப்பிட்டதை நேற்று நடந்ததுபோல் சொல்வார். இப்படிப்பட்ட ஒரு சாப்பாட்டை அலட்சியமாகப் பரிமாறுகிற கடைகளைக் கண்டால் எனக்கு உன்னைவிடக் கோபம் வருகிறது.

லீட்ஸில் எங்கே போவது என்று கேட்டிருந்தாய். பிரிகேட் தெருவிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் விட்லாக்ஸ் என்ற பப் இருக்கிறது, 1715இலிருந்து. நீளமான ஓடு பதித்த பாரும் பித்தளையும் கண்ணாடிகளுமாகப் பார்க்கவே அவ்வளவு அழகு. முதலில் அங்கே போன் செய்து ஞாயிறுக்கு என்ன ஏற்பாடு என்று கேள். பக்கத்தில் கர்க்கேட் மார்க்கெட்டில் கறிக்கடை வரிசை ஒன்று உண்டு. ஏதாவது ஒரு சனிக்கிழமை போய், அந்த வட்டாரத்தில் எந்தப் பப் நல்ல கறி வாங்குகிறது என்று கடைக்காரர்களிடமே விசாரி. நானும் டூட்டிங்கில் எங்கள் கறிக்கடைக்காரர் சொல்லித்தான் இப்போது போகும் பப்பைக் கண்டுபிடித்தேன். (அந்த மார்க்கெட்டில்தான் மைக்கேல் மார்க்ஸ் 1884இல் ஒரு பென்னிக் கடை போட்டார். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் அதிலிருந்து வந்ததுதான். மகனுக்குத் தெரியுமா என்று கேள்.) ரோஸ்ட் வேண்டாம் என்கிற நாட்களுக்கு மில் ஹில்லில் தரவாடு இருக்கிறது, கேரளச் சாப்பாடு. தங்கச்சிக்கு அங்கே ஒரு குறையும் இருக்காது.

அடுத்த மாதம் மூன்றாவது வாரம் நாங்கள் இருவரும் ரயிலில் வருகிறோம். சனிக்கிழமை மதியம் வந்து சேர்வோம். ஞாயிறு பன்னிரண்டரைக்கு ஆறு பேருக்கு மேசை, குழந்தைக்கு உயர நாற்காலி ஒன்று, நட் ரோஸ்ட் ஒன்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மருமகளுக்கு அன்றைக்கு விடுமுறை கிடைக்குமா என்று முதலில் பார்த்து எழுது. கிடைக்காவிட்டால் வேறு வாரம் வைத்துக்கொள்ளலாம், டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன்,
விடுதி அறைத்தோழன்