என் வலக்கையைத் தொடுமுன் கேட்டவர்களுக்கு

அன்புள்ள உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

யார் பெயரையும் எழுதப்போவதில்லை. படிக்கும்போது இது தனக்குத்தான் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்துவிடும். நேரில் சொல்ல வாயெடுத்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் படியில் கால் தவறி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்தபோது எலும்பு நன்றாகக் கூடியிருந்தது, கைதான் என் கையாக இல்லை. வீங்கிப் பளபளத்து, ஒரு நேரம் சிவந்தும் ஒரு நேரம் நீலம் பாரித்தும் கிடந்தது. கொதிக்கிற எண்ணெயில் முக்கி எடுத்ததுபோல இரவும் பகலும் எரியும். நடுநடுவே மணிக்கட்டிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை சுரீரென்று மின்சாரம் பாயும். போர்வையின் ஓரம் உரசினால் உயிர் போய்விடும். மின்விசிறிக் காற்றுகூடப் படக்கூடாது.

கட்டுப் பிரித்த இடத்தில், "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, நீங்கள்தான் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வலியைவிட அந்த வார்த்தைதான் கொடுமை என்று எழுத வருகிறது, ஆனால் அது உண்மையில்லை. வலிதான் கொடுமை. அந்த வார்த்தை அதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் செய்தது. மூன்று மாதம் அப்படியே போனது.

டாக்டர் அம்மா, முதல் நாள் உங்கள் அறையில் நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நீங்கள் கையை நீட்டச் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்து என் இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தீர்கள். உங்கள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, "தொடலாமா? வேண்டாமென்றால் இன்றைக்குத் தொடவே மாட்டேன்" என்றீர்கள். அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அங்கேயே அழுதுவிட்டேன், நீங்கள் அவசரப்படுத்தவில்லை.

இதற்கு சி.ஆர்.பி.எஸ். (காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சின்ட்ரோம், அடிபட்ட கையிலோ காலிலோ தங்கிவிடும் கடும் வலி நோய்) என்று பெயர் இருப்பதை உங்களிடம்தான் தெரிந்துகொண்டேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்டு நரம்பு சேதமான வீரர்களுக்கு வந்த எரிகிற வலியைப் பற்றி சைலஸ் வியர் மிட்செல் என்ற மருத்துவரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1864-லேயே எழுதிவைத்திருக்கிறார்கள் என்று சொன்னீர்கள். காயம் ஆறிய பிறகும் தண்டுவடமும் மூளையும் அளவுக்கு மீறி உணர்ச்சி கூடிப்போய், மெல்லிய தொடுகையைக்கூட வலியாகவே படிக்கின்றன, அதற்கு அலோடினியா என்று பெயர் என்றீர்கள். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் வலியின் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்கவேண்டும் என்று சேர்த்து எழுதியதைக் காட்டினீர்கள். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

மாத்திரை எழுதித் தந்தீர்கள். "இது கொஞ்ச தூரம் கொண்டுபோகும், மிச்ச தூரத்துக்கு வேறு ஆட்கள் வேண்டும்" என்று சொல்லித்தான் என்னை அடுத்த அறைக்கு அனுப்பினீர்கள்.

இயன்முறை மருத்துவர் தம்பி, அந்த அறையில் நீங்கள் இருந்தீர்கள். உங்கள் மேசையில் ஒரு சிறிய துணிப்பை. உள்ளே பட்டுத் துண்டு, பழைய பருத்தித் துணி, பஞ்சு, நீர்வண்ணத் தூரிகை ஒன்று, கடைசியில் சொரசொரப்பான துவாலைத் துண்டு. வலிக்காத இடத்தில், முழங்கைக்குப் பக்கத்தில், பட்டுத் துண்டை வைத்து ஆரம்பித்துக் கீழே மெல்ல இறங்கினீர்கள். எங்கே தொடுகை எரிச்சலாக மாறியதோ அங்கே நிறுத்தி, பால்பாயிண்ட் பேனாவால் தோல்மேல் ஒரு கோடு போட்டீர்கள். மணிக்கட்டுக்கு நான்கு விரற்கடை மேலே இருந்தது அந்தக் கோடு. "இதைத் தாண்ட வேண்டாம். இதன் கரையில் மட்டும் இரண்டு நிமிடம், ஒரு நாளைக்கு ஐந்து தடவை. கையைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். பட்டு, பட்டு என்று வாயால் சொல்லுங்கள்" என்றீர்கள்.

எனக்கு நம்பிக்கையில்லை என்பதை இப்போது சொல்கிறேன். பட்டுத் துண்டால் என்ன ஆகிவிடும் என்றுதான் நினைத்தேன். மூன்றாவது வாரம் நீங்கள் புதுக்கோடு போட்டபோது அது ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. பழைய கோட்டின் மங்கிய நீலம் மேலே, புதுக் கோடு கீழே. நடுவில் இருந்த அந்தச் சிறிய இடம் எனக்குத் திரும்பக் கிடைத்த இடம். அன்று வீடுவரை அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஐஸ் கதையையும் சொல்லவேண்டும், ஏனென்றால் வேறு யாரும் இதைச் செய்யக்கூடாது. எரிகிறதே என்று பாசத்தோடு ஒருவர் ஐஸ் ஒத்தடம் கொடுத்தார். ஐந்து நிமிடத்தில் விரல்கள் கறுநீலமாகி, அந்த இரவும் மறுநாளும் நரகம். சி.ஆர்.பி.எஸ். வந்த கைக்கு ஐஸ் ஆகாது, ரத்த ஓட்டம் ஏற்கெனவே தடுமாறுகிற இடம் அது என்று நீங்கள் சொன்னீர்கள். ஒத்தடம் கொடுத்தவரை ஒரு வார்த்தை குறை சொல்லவும் இல்லை. அதற்கும் நன்றி தம்பி.

கண்ணா, உனக்குப் பத்து வயதில் அம்மா கொடுத்த வேலை உன் வயதுக்கு அதிகம். இடது கையா வலது கையா என்று படத்தைப் பார்த்தவுடன் சொல்லும் பயிற்சிக்கு அட்டைகள் வேண்டும் என்றதும், வீட்டில் எல்லோர் கையையும் நீ படம் எடுத்தாய். மடக்கியும் விரித்தும், குவளையைப் பிடித்தும், தலைகீழாகவும். தினமும் பள்ளிவிட்டு வந்ததும் அட்டைகளைக் கலைத்து ஒவ்வொன்றாகக் காட்டுவாய். இடது கைப் படம் என்றால் சட்டென்று சொல்லிவிடுவேன். வலது கை வந்தால் வாய் திறக்க நேரமாகும், தப்பாகவும் சொல்வேன். அசைக்காமல் கிடக்கும் உறுப்பின் வரைபடம் மூளையில் மங்கிப்போவதால் இப்படி ஆகிறதாம். ஒரு தடவைகூட நீ சிரிக்கவில்லை. "அம்மா, இன்னொரு தடவை பாரு" என்பாய், அவ்வளவுதான்.

என்னங்க, உங்களுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். பரவாயில்லை, கோபித்துக்கொள்ளுங்கள். அட்டைப் பயிற்சிக்கு அடுத்து, கையை அசைப்பதாக மனதில் மட்டும் நினைத்துப் பார்க்கும் கட்டம். அதற்கும் பிறகுதான் கண்ணாடி. நீங்கள் பலகைப் பெட்டி செய்து பக்கவாட்டில் கண்ணாடி பதித்துக் கொடுத்தீர்கள். ஆசைதாங்காமல் நான் முறையை மீறி முதல் வாரமே அதற்குள் கையை விட்டேன், வலி ஏறிவிட்டது. மறுபடி அட்டைகளுக்கே திரும்பவேண்டியிருந்தது. இரண்டு மாதம் கழித்துச் சரியாக உட்கார்ந்தோம். இரண்டு கையிலும் மோதிரம், கடிகாரம் எதுவும் கூடாது, இல்லாவிட்டால் கண் நம்பாது. நீங்களே என் மோதிரத்தைக் கழற்றினீர்கள். வலக்கை பெட்டிக்குள், இடக்கை வெளியே. இடது விரல்களை மடக்க மடக்க, கண்ணாடியில் வலக்கை வீக்கமும் வலியும் இல்லாமல் மடங்கியது. நான் மூச்சுவிடக்கூட மறந்துபோனேன். நீங்கள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

கை, கால் இழந்தவர்களுக்கு இல்லாத உறுப்பில் வரும் வலிக்காக 1990-களில் இந்தக் கண்ணாடி வழியைக் கொண்டுவந்தவர் நம் நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன். நேரில் பார்க்காத அவருக்கும் இந்த மடலில் ஒரு வணக்கம். ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற வலி ஆய்வாளர்கள் இருவருக்கும் ஒன்று. இடித்துக்கொண்ட முழங்கையைத் தேய்த்தால் ஏன் வலி குறைகிறது என்பதை 1965-இல் அவர்கள்தான் விளக்கினார்கள். தொடுகையைக் கொண்டுபோகும் தடித்த நரம்பிழைகளில் செய்தி நொடிக்கு 30 மீட்டருக்கு மேல் ஓடும். எரிச்சலைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகளிலோ ஒரு மீட்டர் அளவுதான். முன்னது தண்டுவடத்தில் பின்னதன் வழியை அடைக்க முடியும் என்றார்கள். எனக்குக் கிடைத்த டென்ஸ் கருவி, அதாவது தோல்மேல் ஒட்டும் பட்டைகள் வழியே மெல்லிய மின்துடிப்பு தரும் கருவி, அந்த எண்ணத்தில் பிறந்தது. பட்டைகளை எரிகிற இடத்தில் ஒட்டாமல் முன்கையில் ஒட்டினோம். இயங்கும் நேரத்தில் எனக்கு இதம் தந்தது. எல்லோருக்கும் தரும் என்று சொல்ல மாட்டேன், அதற்கான சான்று இன்னும் உறுதியாக இல்லை. இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

டீச்சர், உங்களுக்கு நான் பட்ட கடன் தீராது. நன்றாக இருக்கும் நாளில் மொத்த வேலையையும் செய்துவிட்டு மூன்று நாள் படுத்துவிடுவது என் வழக்கம். வலி ஏறாமல் எவ்வளவு நேரம் எழுத முடியும் என்று அளந்து, நல்ல நாளோ கெட்ட நாளோ அவ்வளவுதான் எழுதவேண்டும் என்று தம்பி கட்டளை போட்டார். அளந்தால் நான்கு நிமிடம். நாற்பது நிமிட வகுப்பில் நான்கு நிமிடம் சாக்பீஸ் பிடிக்கும் கணக்கு வாத்தியாரை யார் வைத்துக்கொள்வார்கள்? உங்கள் ஓய்வு வகுப்பில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தீர்கள். போனில் மணி அடித்ததும் எழுந்துவந்து, நான் பெருக்கல் குறி போட்டு நிறுத்திய இடத்திலிருந்து மிச்சக் கணக்கை எழுதினீர்கள். "இன்றைக்கு நன்றாக இருக்கிறது, இன்னும் ஒரு வரி" என்று கெஞ்சினாலும் சாக்பீஸைத் தரமாட்டீர்கள். வாரத்துக்கு அரை நிமிடம் கூட்டினோம். ஒரு பருவம் முழுக்க உங்கள் ஓய்வு வகுப்பை எனக்குக் கொடுத்தீர்கள்.

மனநல ஆலோசகர் அக்கா, நீங்கள் மூச்சையும் தூக்கத்தையும் திருத்தினீர்கள். உடம்பைக் கால்விரலிலிருந்து ஒவ்வொரு இடமாக மனதால் தொட்டுக்கொண்டு வரும் பயிற்சியில், வலக்கைக்கு வரும்போது நான் தாண்டி ஓடுவேன். ஓடட்டும் என்று விட்டீர்கள். ஜான் கபாட்-ஸின் என்பவர் 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இப்பயிற்சி வகுப்பைத் தொடங்கியபோது வந்தவர்களில் நிறையப் பேர் தீராத வலிக்காரர்கள்தான் என்றீர்கள். எரிச்சல் ஒன்று, "இது எப்போது தீரும்" என்ற பயம் ஒன்று, இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு ஆறு வாரம் ஆனது. எரிச்சல் குறையவில்லை, அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்த பயம் குறைந்தது. இரவில் போர்வை படாமல் கைமேல் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துவைக்கும் யோசனையும் உங்களுடையதுதான். அன்றிலிருந்துதான் தொடர்ந்து மூன்று மணி நேரம் தூங்கினேன்.

மாத்திரையைத் தனியாக விழுங்கிவிடலாம். மற்ற எதையும் நான் தனியாகச் செய்யவில்லை. அட்டையைக் காட்ட ஒரு பிள்ளை, கோடு போட ஒருவர், மணி அடித்ததும் சாக்பீஸைப் பிடுங்க ஒருவர் வேண்டியிருந்தது. இதை எழுதும்போது, இப்படி யாரும் இல்லாமல் வலியோடு இருக்கிறவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

வலி போய்விட்டதா என்று கேட்கிறீர்கள். போகவில்லை. மாத்திரையை டாக்டர் அம்மா படிப்படியாகக் குறைத்து இப்போது பாதி அளவில் நிற்கிறது. நானாக நிறுத்தவில்லை, யாரும் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். குளிர்நாளில் எரிச்சல் ஏறும். ஆனால் மின்விசிறிக்கு நேரே உட்கார்கிறேன், பிள்ளையின் தலையை வலக்கையால் கோதுகிறேன். ஒரு தடவையில் பதினான்கு நிமிடம் எழுதுகிறேன், இந்த மடல் அப்படித்தான் ஐந்து நாளாக எழுதப்பட்டது.

அட்டைகளையும் கண்ணாடிப் பெட்டியையும் போன மாதம் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டேன். அங்கே இப்போது வேறொருவர் கட்டுப் பிரித்துவிட்டு வந்திருக்கிறாராம். துணிப்பையை மட்டும் கொடுக்கவில்லை, அது எனக்கு இன்னும் வேண்டியிருக்கிறது.